நாலாம் மாடியில் ஒரு படகு

எங்கள் ஃப்ளாட் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் உள்ள ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. நாலாம் மாடி. பல்கனியில் நின்றால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கிகளுக்கு இடையில் ஒரு முழ அகலத்துக்குக் கடல் தெரியும். நடந்தால் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தை ஒரு படகோடு நடப்பது எப்படி என்று இரண்டு வருடம் யோசித்தேன்.

துடுப்புப் போடப் பழகியது பொல்கொட வாவியில், கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து. ஞாயிறு விடிய எழும்பி, ஓட்டோ பிடித்து, பிலியந்தலை தாண்டிப் போய், ஒரு மணி நேரம் ஓடிவிட்டுத் திரும்பி வர மத்தியானம் ஆகிவிடும். நாற்பத்திரண்டு வயதில் முதன்முதலாக ஒரு விளையாட்டு எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு வாரம் ஒரு மணி நேரம் போதவில்லை. வீட்டுக்கு முன்னால் கடலை வைத்துக்கொண்டு பொல்கொடைக்கு ஓடுவதும் மனதுக்குச் சரியாக இல்லை.

சாதாரண பிளாஸ்டிக் கயாக் வாங்கலாமென்று முதலில் பார்த்தேன். அது 25, 30 கிலோ வரும். கடலுக்கென்று செய்த நல்ல கயாக் என்றால் ஐந்து மீட்டர் நீளம். எங்கள் லிஃப்டில் நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் அடுத்த முறைக்கு நிற்க வேண்டும். படிக்கட்டு ஒவ்வொரு அரை மாடிக்கும் திரும்புகிறது. கீழே வாகனத் தரிப்பிடத்தில் சுவரோரமாக வைக்கலாமா என்று கட்டடக் குழுவிடம் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். என்னிடம் காரும் இல்லை. ஆகவே மடிக்கும் படகு ஒன்றுதான் வழி.

“உதை எங்க பிள்ளை வைக்கப் போறாய்?” என்று அம்மா கேட்டார். அலுமாரிக்கு மேலே என்றேன். அவர் அலுமாரியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் அவருடைய சூட்கேஸ் இரண்டு இருந்தன.

படகு தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒரு பரீட்சை. நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். இணையத்தில் பார்த்து விருப்பப்பட்ட படகு 17 கிலோ என்று இருந்தது. கடையில் 10 கிலோ அரிசிப் பை ஒன்று, 5 கிலோப் பை ஒன்று வாங்கி, இரண்டு கிலோ பருப்பும் சேர்த்து, பழைய முதுகுப் பை ஒன்றுக்குள் போட்டுக்கொண்டு நாலு மாடியும் இறங்கி, மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளம் வரை போய், திரும்ப நாலு மாடியும் ஏறினேன். லிஃப்டைப் பாவிக்கவில்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததைப் பார்த்த பிறகு, லிஃப்டை நம்பி எதையும் வாங்க எனக்கு மனம் வராது. பெட்ரோல் இல்லாமல் ஓட்டோக்கள் வரிசையில் நின்றதும் அதே வருடம்தான். கால் மட்டும் இருந்தால் போதும் என்ற தூரத்துக்குள் என் படகு இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்தேன்.

17 கிலோ முடிந்தது. மூன்றாம் மாடியில் ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினேன், அவ்வளவுதான். அடுத்த நாள் 25 கிலோ வைத்துப் பார்த்தேன். இறங்கினேன், ஏறும்போது இரண்டாம் மாடியில் பையை இறக்கி வைத்துவிட்டேன். திரும்பி வரும்போது படகு ஈரமாக இருக்கும், மணல் ஒட்டியிருக்கும், கை இரண்டும் களைத்திருக்கும். போகும்போது இருக்கும் பாரத்தோடு மூன்று கிலோவாவது கூட்டிக்கொள்ளுங்கள். என் எல்லை 18 கிலோ என்று கொப்பியில் எழுதினேன். அந்த ஒரு இலக்கம் முக்கால்வாசிப் படகுகளைக் கழித்துவிட்டது.

கழிந்தவற்றில் முதலாவது, எனக்கு மிகவும் ஆசையான கிளெப்பர். மடிக்கும் கயாக்கின் கதையே அங்கேதான் தொடங்குகிறது. 1905இல் அல்ஃபிரட் ஹொய்ரிஷ் என்ற ஜெர்மானியக் கட்டடக்கலை மாணவர் ஒரு மடிப்புப் படகைச் செய்து மியூனிக் பக்கத்து இசார் ஆற்றில் ஓட்டினார். றோசன்ஹைம் ஊர்த் தையற்காரர் யொகான் கிளெப்பர் அந்த உரிமையை வாங்கி 1907 முதல் செய்து விற்கத் தொடங்கினார். வார இறுதியில் நகரத்து ஆட்கள் படகைப் பையில் கட்டி ரயிலில் ஏற்றி, மலையடிவாரத்தில் இறங்கி, ஆற்றோடு திரும்பி வருவார்களாம். கோச்சியில் படகு கொண்டுபோவது ஏதோ என்னுடைய விசித்திர ஆசை என்று நினைத்திருந்த எனக்கு அதைப் படித்த இரவு நித்திரை வரவில்லை. 1956இல் ஹன்னஸ் லிண்டமன் என்ற மருத்துவர் அதே கிளெப்பரின் இரண்டு பேர் படகில் தனியாக 72 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தார். மரச் சட்டகமும் துணியும் றப்பரும் சேர்ந்த படகு அது. மடிப்புப் படகு கடலுக்குத் தாங்குமா என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஆனால் ஒருவர் ஓட்டும் கிளெப்பரே 27 கிலோ அளவில் வரும். என் படிக்கட்டில் அது நடக்காது. தரைத்தளத்தில் வீடு இருக்கிறவர்கள், இரண்டு பேராகப் போகிறவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

மிஞ்சியது மூன்று வகை. மூன்றையும் தண்ணீரில் தொட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று இருந்தேன்.

முதலாவது, கடதாசி மடிப்பது போல மடிக்கும் வகை. உள்ளே நெளிவு நெளிவாக இருக்கும் பொலிப்ரொப்பிலீன் தகடு, தேர்தல் பதாகைகள் செய்வார்களே, அந்த மாதிரியானதில் தடித்தது. சான் பிரான்சிஸ்கோவில் அன்டன் வில்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் சின்ன அபார்ட்மென்டில் கயாக் வைக்க இடமில்லாமல் இதை யோசித்தார். 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயர் ஓரு. ஜப்பானிய மொழியில் மடிப்பது என்று பொருள். சிங்களத்தில் ஓருவ என்றால் பக்கத்தில் மிதவைக் கட்டை கட்டிய நம் கரையோரப் படகு. கொழும்பில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் இரண்டு தரம் பொருந்துகிறது.

ராஜகிரியவில் இருக்கும் ஒரு சிநேகிதியிடம் இந்த வகையில் ஒன்று இருந்தது. தியவன்னா ஓயாக் கரையில் வைத்து விரித்தோம். முதல் தரமே கால் மணி நேரத்தில் படகாகிவிட்டது. பழகியவர்கள் பத்து நிமிடத்துக்குள் முடிப்பார்கள். 12 கிலோ அளவு. காலைத் தண்ணீரில் அது வடிவாகப் போனது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அதிலிருந்து இறங்க விருப்பமில்லை. ஏரி, கால்வாய், களப்பு மட்டும் போதும் என்றால் இதற்கு மேல் தேட வேண்டாம். துடைத்தால் காய்ந்துவிடும். துணி கிடையாது, பூஞ்சணம் பிடிக்காது. கொழும்புப் புழுக்கத்தில் அது பெரிய விஷயம்.

எனக்கு இடித்தது இரண்டு. ஒன்று, மடித்தபின் அது ஒரு அகலப் பெட்டி. ஒரு பக்கம் 80 சென்ரிமீட்டருக்கு மேல், மறுபக்கம் 70க்கு மேல். மரைன் டிரைவில் காற்று அடிக்கும்போது அதைத் தோளில் போட்டு நடப்பது பாய்மரம் பிடித்து நடப்பது மாதிரி. விமானத்திலும் சிக்கல்: பல கம்பனிகள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்ரிமீட்டர் வரைதான் சாதாரணமாக விடுகின்றன; பெட்டி அதைத் தாண்டிவிடும். மற்றது நீளம். நான் பார்த்தது மூன்றேமுக்கால் மீட்டர் அளவான படகு. அந்த நீளத்தில், அந்தப் பாரத்தில் இருக்கும் எந்தப் படகையும் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும். இதே வகையில் கடலுக்கென்று கிட்டத்தட்ட ஐந்து மீட்டரில் செய்கிறார்கள். அது இன்னும் பெரிய பெட்டி.

இரண்டாவது, காற்றடிக்கும் வகை. நீர்கொழும்புக் களப்பில் ஒரு நாள் முழுக்க வைத்து ஓட்டினேன். பாரம் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு, கல்லில் இடித்தாலும் பயமில்லை. பிள்ளைகளோடு போக இதைவிடப் பாதுகாப்பான படகு தெரியாது. ஆனால் தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்பதால் பத்து மணிக்குக் கடற்காற்று எழும்பியதும் நான் ஒரு பக்கம் பார்க்க, படகு ஒரு பக்கம் போனது. மடிப்புகளுக்குள் நிற்கும் தண்ணீரும் இலேசில் போகாது. சரி, இது எனக்கில்லை.

மூன்றாவது, சட்டகமும் தோலும். அலுமினியக் குழாய்களைக் கூடாரக் கம்பி போலப் பொருத்தி எலும்புக்கூடு செய்து, தோல் என்று சொல்லும் தைத்த உறைக்குள் நுழைத்து, இரண்டு பக்கத்திலும் உள்ள காற்றுக் குழாய்களை ஊதி இறுக்குவது. வட துருவத்து இனுவிட் மக்கள் கரையொதுங்கிய மரத்தையும் கடல்நாய்த் தோலையும் வைத்துச் செய்த அதே அமைப்பு. நாங்கள் கயாக் என்று சொல்வதே அவர்களுடைய சொல்தான். பொருத்த முப்பது, நாற்பது நிமிடம் பிடிக்கும். ஆனால் பை உருண்டையாக, ஒடுங்கி, முதுகோடு ஒட்டி இருக்கும். தண்ணீரில் அது அலையோடு நெளியும். அதுதான் என்னைப் பிடித்து இழுத்தது.

நான் வாங்கியது பழையது, நாலரை மீட்டர், ஒருவருக்கானது, 17 கிலோ. டொரொன்டோவில் இருக்கும் மச்சான் அங்கே ஒருவரிடமிருந்து வாங்கி, ஊருக்கு வரும்போது 23 கிலோப் பொதி ஒன்றாகவே கொண்டுவந்து தந்தார். கம்பனிப் பெயரை எழுதவில்லை. அவர்கள் இப்போது படகு செய்வதில்லை, தேடி அலைய வேண்டாம். பழையது வாங்குகிறவர்கள் மூன்று விஷயத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: தோலின் அடிப்பக்கத் தையல், குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று போகும் முனைகள், காற்றுக் குழாய் ஊதி ஒரு இரவு விட்டபின் எப்படி இருக்கிறது என்று. மேல்துணி நிறம் மங்கியிருந்தால் பரவாயில்லை. குழாய் முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விடுங்கள்.

அந்த வெள்ளைப் பொடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது என்னுடைய தவறால்தான். வாங்கிய முதல் மாசியில் கற்பிட்டிக்குப் போனோம். களப்பு அவ்வளவு அமைதி, தங்கிய வீட்டில் முற்றம் இருந்தது, ஆகவே எட்டு நாள் படகைக் கழற்றாமலே வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் ஓடினேன், ஒரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவவில்லை. கடைசி நாள் கழற்றப் போனால் அடிக்கம்பியில் இரண்டு பொருத்து அசையவில்லை. உப்பும் அலுமினியமும் சேர்ந்து இடுக்குக்குள் இறுகிவிட்டன. கொதிதண்ணீர் ஊற்றி வெளிக்குழாயை விரிய வைத்து, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடித்து, இரண்டு பேராக எதிரும் புதிருமாக முறுக்கியபோது ஒன்று வந்தது. மற்றது வரவில்லை. ஒன்றரை மீட்டர் நீளக் கம்பியைப் பையில் துருத்திக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மொறட்டுவையில் ஒரு லேத் பட்டறையில்தான் அதைப் பிரித்தார்கள்.

ஆகவே உங்கள் வீட்டில் படகைக் கழுவ எங்கே இடம் என்று, வாங்குவதற்கு முன்னாலேயே யோசியுங்கள். நான் குளியலறையில் தோலை உட்புறம் வெளியாக முடிந்தவரை புரட்டி, கை ஷவரால் கழுவி, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் உடுப்புக் காயப்போடும் கம்பியில், வெயில் நேராகப் படாத பக்கம் தொங்கவிடுகிறேன். கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, முனைகளில் மெல்லிய மசகு எண்ணெய் பூசி, நிழலில் பாய் விரித்து அடுக்குவேன். ஓடிய நேரத்தில் பாதி இதற்குப் போகும். சோழமண்டலக் கரையில் நம்மவர்கள் கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயவிடுவார்கள்; நீர் ஊறினால் மரம் பாரமாகிவிடும். அதன் பெயரிலேயே கட்டு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கட்டி, ஓட்டி, அவிழ்த்து, காயவைப்பது அவர்களுக்குப் படகோட்டுவதில் ஒரு பகுதி. மொட்டை மாடியில் நிற்கும்போது எனக்கும் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

இனிக் கடல். கொழும்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டர் கூட இல்லை, தண்ணீர் எப்போதும் இளஞ்சூடு. அந்த இரண்டையும் பற்றி வெளிநாட்டுக்காரர் எழுதும் பயங்கள் நமக்கு அவ்வளவாக இல்லை. நமக்குக் காற்றும் கரையலையும்தான் எல்லாம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வெள்ளவத்தைக் கடலில் நான் இறங்குவதில்லை. கார்த்திகை முடிவிலிருந்து சித்திரை வரை, விடியற்காலையில் கரையிலிருந்து காற்று இலேசாகக் கடலுக்குப் போகும் நேரத்தில், தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடக்கும். ஒன்பது, பத்து மணிக்குள் அது முடிந்துவிடும். இதனால்தான் பொருத்தும் நேரம் முக்கியம். ஆறு மணிக்குக் கரையில் நின்று நாற்பது நிமிடம் கம்பி பொருத்தினால் நாளின் நல்ல பகுதி போய்விடும். நான் இரவே வீட்டில் முன்பாதிச் சட்டகத்தையும் பின்பாதிச் சட்டகத்தையும் சோடி சேர்த்துக் கட்டிவைத்து, கரையில் இருபது நிமிடத்துக்குக் குறைத்திருக்கிறேன். அக்காவின் மகள் கம்பி முனைகளில் நகப்பூச்சு பூசித் தந்தாள்: அணியத்துக்கு சிவப்பு, பின்பக்கத்துக்கு நீலம். இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் அது பெரிய உதவி. கீழே ஒரு தறப்பாள் விரிக்காமல் தொடங்க வேண்டாம். பொருத்துக்குள் ஒரு சிட்டிகை மணல் போனால் போதும்.

மரைன் டிரைவ் தாண்டினால் இரட்டைத் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கல். படகைத் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒருபோதும் பொருத்தாதீர்கள். பையாக இருக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, நாலு எட்டில் கடந்துவிடலாம். அலைச் சத்தத்தில் கோச்சி வருவது கேட்காது என்பதை இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கல்லில்லாத மணல் இடுக்கு ஒன்றை முன்னாலேயே பார்த்து வையுங்கள். அடித்தோலில் நடுக்கோட்டோடு ஒரு றப்பர் பட்டி கூடுதலாக ஒட்டியது நான் செய்த நல்ல செலவு.

மடிப்புப் படகுகளில் பலவற்றுக்கு உள்ளே அடைப்புச் சுவர் இல்லை. கவிழ்ந்தால் முழுக்க நிரம்பும். அணியத்திலும் பின்பக்கத்திலும் காற்றுப் பைகள் திணித்து ஊதாமல் கடலுக்குப் போகவே கூடாது. மிதவை அங்கியைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களையும் பார்க்கிறேன், தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள். கவிழ்ந்து மறுபடி ஏறுவதைப் பொல்கொடையில் பன்னிரண்டு தரம் பழகிவிட்டுத்தான் நான் கடலில் இறங்கினேன். துறைமுகப் பக்கமும் காலிமுகத்திடல் பக்கமும் போவதில்லை. தெகிவளை, கல்கிசைப் பக்கம்தான் என் ஓட்டம். புது இடம் என்றால் முதலில் கரையில் இருக்கும் மீனவர்களிடம் கேட்பேன். நீர்கொழும்பில் ஒரு வயதான மீனவர் என் படகின் பக்கத்தை உள்ளங்கையால் அமத்திப் பார்த்தார். அது உள்ளே போய்த் திரும்பி வந்தது. சிரித்துவிட்டு, “நங்கி (தங்கச்சி), இங்கே வா” என்று தன்னுடைய பழைய ஓருவவுக்குக் கூட்டிப்போய், பலகையும் அடிமரமும் தும்புக் கயிற்றால் தைத்திருக்கும் இடத்தைக் காட்டினார். ஆணி இல்லை. அதையும் அமத்தச் சொன்னார்.

சோளகத்தில் மேற்குக் கடல் மூடினால் கிழக்குக் கடல் திறக்கும். பையில் படகு இருப்பவருக்கு இந்தத் தீவில் வருடம் முழுக்கக் கடல் இருக்கிறது. ஐந்து மீட்டர் பிளாஸ்டிக் படகு வைத்திருப்பவருக்கு அதற்கு ஒரு லொறி வேண்டும். போன ஆடியில் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக் கோச்சியில் ஏறினோம். பையைக் கதவோரம் நிறுத்தி இருக்கைக் கம்பியோடு கட்டினேன். அம்மாவும் வந்தார், கோயிலுக்கு என்று சொல்லிக்கொண்டு. பாசிக்குடாவில் இடுப்பளவுத் தண்ணீர் வெகுதூரம் போகும், குளம் மாதிரி. இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு வந்தபோது அவர் மர நிழலில் தறப்பாளை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சேலைத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். நான் கழற்றிக் கொடுக்கக் கொடுக்கத் துடைத்து, நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கினார்.

“சிவப்பில ஒண்டு குறையுது பிள்ளை,” என்றார்.

தறப்பாளின் ஓரத்தைத் தூக்கினேன். மணலுக்குள் பாதி புதைந்து கிடந்தது.